பைன் காட்டுக்குள் ஒரு மையவாடி



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, வேலைகள் ஓய்ந்த நேரத்தில் ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் பதினொன்றுக்கு முதலாம் உலக யுத்தப் பாடம் எடுக்கும்போது நாம் வழமையாக சரஜீவோ கொலையில் தொடங்கி வெர்சாய் உடன்படிக்கையில் முடித்து விடுவோம். பரீட்சைக்கு அது போதும். இந்த முறை பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: “சேர், அந்த யுத்தத்தில முஸ்லிம்களும் மௌத்தாகினாங்களா? அவங்கட ஜனாஸாக்கள என்ன செய்தாங்க?”

மற்ற நாட்டுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பார்களோ தெரியாது. எங்கள் பிள்ளைகள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம். பதிலைத் தேடிப் போனால் இங்கிலாந்தில் ஒரு காட்டுக்குள் போய் நிற்க வேண்டி வருகிறது.

லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில், வோக்கிங் என்ற பட்டினம் இருக்கிறது. அதன் வடக்கு ஓரத்தில் ஹோர்செல் கொமன். 800 ஏக்கருக்கு மேல் பரந்த காடும் பற்றையும். பைன் மரம், பேர்ச் மரம், இடையிடையே ஓக். மரமில்லாத இடங்களில் ஹெதர் என்ற குட்டையான செடி படர்ந்து கிடக்கும். ஓகஸ்ட் மாதம் அது ஊதா நிறத்தில் பூக்கும்போது நிலமே விரிப்பு விரித்த மாதிரி இருக்கும். நிலத்தில் கூடு கட்டும் பக்கிப் பறவைகளுக்காக இன்று அது பாதுகாக்கப்பட்ட பிரதேசம்.

‘கொமன்’ என்றால் பொதுநிலம் என்று மட்டும் விளங்கிக் கொள்ளக் கூடாது. காணி பிரபுவின் பெயரில்தான் இருக்கும். ஆனால் மாடு மேய்க்க, விறகு பொறுக்க, எரிப்பதற்குப் புல்மண் வெட்ட ஊர் மக்களுக்கு உரிமை உண்டு. கிழக்கில் மேய்ச்சல் தரைப் பிரச்சினைகளைக் கண்ட எங்களுக்கு இது லேசாக விளங்கும். பல நூறு வருடங்கள் மாடுகள் கடித்ததாலும் மக்கள் வெட்டியதாலும்தான் அங்கே மரம் அடராமல் ஹெதர் நின்றது. மேய்ச்சலும் விறகு வெட்டும் நின்றதும் பைனும் பேர்ச்சும் எழும்பிக் காடாகி விட்டது. 1910ல் அமைக்கப்பட்ட ஹோர்செல் கொமன் பாதுகாப்புச் சங்கம்தான் இன்றும் இடத்தைப் பராமரிக்கிறது. இயற்கையைப் பாதுகாக்கிற சங்கம் மரம் வெட்டுகிறது என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் ஹெதர் வெளி தப்ப வேண்டுமானால் அங்கே மரத்தை வெட்டத்தான் வேண்டும்.

அங்கே மண் மணல். விவசாயத்துக்கு உதவாது. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மண் உதவாததால் அந்தப் பக்கம் காலம் காலமாக வெறுமையாகக் கிடந்தது. 1794ல் பேசிங்ஸ்டோக் கால்வாய் அந்த வெறும் நிலத்தை ஊடறுத்துப் போனது. 1838ல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. அதே காலத்தில் லண்டன் நகரத்தில் மையவாடிகள் நிரம்பி வழிந்தன. கொலராவில் ஆட்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். ஒரு குழிக்குள் பல பேரைப் போட்டார்கள். நகரத்துக்கு வெளியே, மலிவான காணி, ரயிலும் ஓடுகிறது. ஆகவே லண்டன் நெக்ரொபொலிஸ் என்ற கம்பனி வோக்கிங் பக்கம் சுமார் 2,000 ஏக்கரை வாங்கி 1854ல் புரூக்வூட் மையவாடியைத் திறந்தது. அந்தக் காலத்தில் உலகத்தில் ஆகப் பெரிய மையவாடி அதுதான் என்றார்கள்.

வோட்டர்லூவில் அதற்கென்று தனி ரயில் நிலையமே இருந்தது. மையித்துக்கும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு. கூட வருகிறவர்களுக்குப் போய்வர ரிக்கட், பெட்டிக்குள் இருக்கிறவருக்குப் போக மட்டும். அங்கிலிக்கன் சபையினருக்கு ஒரு தரிப்பிடம், ஏனையோருக்கு வேறு தரிப்பிடம். 1941ல் ஜேர்மனிய விமானங்கள் லண்டன் நிலையத்தில் குண்டு போட்ட பிறகுதான் அந்த ரயில் சேவை நின்றது. மௌத்தில் எல்லோரும் சமம் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றாம் வகுப்பு விடயம் கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

கம்பனிக்குக் காணி மிஞ்சியது. மிஞ்சியதைத் துண்டு போட்டு விற்றது. இன்றைய வோக்கிங் பட்டினம் அப்படி விற்ற காணியில் எழும்பியதுதான். விற்ற இடங்களில் ஒன்றில் வயதான நாடக நடிகர்கள் தங்குவதற்கு 1860களில் ஒரு பெரிய கட்டடம் கட்டினார்கள். அது சரிவரவில்லை, மூடி விட்டார்கள். அந்தக் கட்டடத்தை 1880களில் ஒரு மனிதர் வாங்கினார். பெயர் கொட்லீப் வில்ஹெல்ம் லைட்னர்.

லைட்னரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு போடலாம். 1840ல் ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். துருக்கியில் படித்தவர். பதினைந்து வயதில் கிரிமிய யுத்தத்தில் பிரித்தானியப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர். 1864ல் லாகூர் அரசாங்கக் கல்லூரியின் அதிபர். பஞ்சாப் பல்கலைக்கழகம் உருவாக உழைத்தவர்களில் முக்கியமானவர். அறபு, உருது, பாரசீகம் எல்லாம் சரளம். இங்கிலாந்துக்குத் திரும்பியதும், கீழைத்தேய மொழிகளுக்கு ஒரு நிறுவனம் வேண்டும், அங்கே படிக்க வருகிற மாணவர்களுக்கு அவரவர் மார்க்கத்தைப் பின்பற்ற வசதி வேண்டும் என்று நினைத்தார். பள்ளிவாசலுக்குப் பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் போபால் ஆட்சியாளர் ஷாஜஹான் பேகம். 1868 முதல் 1901 வரை போபாலை ஆண்ட முஸ்லிம் பெண்மணி. 1889ல் கட்டி முடிந்த பள்ளிக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். வரைபடம் வில்லியம் ஐசக் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயருடையது.

அதே 1889ல் லிவர்பூலில் அப்துல்லாஹ் குயில்லியம் ஒரு வீட்டைப் பள்ளியாக்கித் தொழுகை நடத்தினார். எனவே ‘பிரித்தானியாவின் முதல் பள்ளி எது’ என்று யாராவது சண்டை பிடித்தால் இரண்டு பேருக்கும் பாதிப் புள்ளி கொடுக்கலாம். பள்ளியென்றே நிய்யத் வைத்துக் கட்டியதில் முதலாவது வோக்கிங். சின்னப் பள்ளிதான். பச்சைக் குமிழ், வெள்ளைச் சுவர், சுற்றிவர மரங்கள். எமது ஊர்த் தைக்கா ஒன்றின் அளவு. விக்டோரியா மகாராணியின் இந்தியப் பணியாளர்களும் வந்து தொழுத பள்ளி.

1899ல் லைட்னர் காலமானார். அவரையும் புரூக்வூடில்தான் அடக்கியிருக்கிறார்கள். நிறுவனம் மூடப்பட்டது. பள்ளியும் பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 1913ல் குவாஜா கமாலுத்தீன் என்ற லாகூர் வழக்கறிஞர் அதை மறுபடி திறந்தார். அடுத்த வருடம் அவருக்குப் பதிலாக மௌலவி சத்ருத்தீன் இமாமாக வந்தார். இருவரும் அஹ்மதிய்யாவின் லாகூர்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அகீதா விடயத்தில் எமது உலமாக்களின் நிலைப்பாடு எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி கொமண்டில் வாதம் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம். 1960களிலிருந்து அந்தப் பள்ளி சுன்னத் ஜமாஅத்தின் கையில் இருக்கிறது. ஆனால் நாம் சொல்லப் போகும் காரியத்தைச் செய்தவர் சத்ருத்தீன்தான். அதை மறைத்து வரலாறு எழுத முடியாது.

1914 செப்டெம்பர் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. வெப்ப நாட்டு உடுப்போடு வந்தவர்களை ஒரு மாதத்துக்குள் பெல்ஜியத்தின் சேற்றுக் குழிகளுக்கு அனுப்பினார்கள். ஒக்டோபர் 31ல் ஹொலபெக் என்ற இடத்தில் தன்னுடைய துப்பாக்கி அணியில் எல்லோரும் விழுந்த பிறகும் சுட்டுக் கொண்டிருந்தவர் குதாதாத் கான். பஞ்சாபின் சக்வால் பகுதி முஸ்லிம். விக்டோரியா சிலுவைப் பதக்கம் பெற்ற முதலாவது தெற்காசியர். அவர் உயிர் தப்பி ஊர் போய்ச் சேர்ந்து 1971 வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் அந்த நஸீப் கிடைக்கவில்லை.

காயப்பட்டவர்களைக் கப்பலில் இங்கிலாந்தின் தென்கரைக்குக் கொண்டு வந்தார்கள். பிரைட்டன் நகரத்தில் ஒரு பழைய அரச மாளிகை இருக்கிறது. ரோயல் பவிலியன். குமிழும் மினாராவும் வைத்து, இந்தியாவை ஒரு நாளும் காணாத ஒரு இளவரசருக்காகக் கட்டிய மாளிகை. அதை 1914 டிசம்பரில் ஆஸ்பத்திரியாக்கினார்கள். பிரைட்டனில் இப்படி மாற்றிய கட்டடங்களில் மொத்தமாக 12,000 அளவில் இந்தியச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பவிலியனில் ஒன்பது சமையலறை. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். முஸ்லிம்கள் தொழ இடம். மாளிகைக் கட்டிலில் கிடக்கும் சிப்பாய்களைப் படம் பிடித்து, தபாலட்டையாகவும் புத்தகமாகவும் அடித்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பாருங்கள், உங்கள் பிள்ளைகளை ராஜாவின் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்பது செய்தி.

இவ்வளவு கவனம் எதற்கு? அன்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் இருந்திருக்கலாம், வைத்தியர்களிடமும் தாதியரிடமும் நிச்சயமாக இருந்திருக்கும். அரசாங்கத்திடம் இருந்தது பயம். 1914 நவம்பரில் இஸ்தான்பூலில் ஷைகுல் இஸ்லாம் ஜிஹாத் பத்வா கொடுத்து விட்டார். பிரித்தானியாவுக்கு எதிராக உலக முஸ்லிம்கள் எழும்ப வேண்டும் என்று அழைப்பு. இந்தியாவிலிருந்து யுத்தத்துக்குப் போன பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் லட்சக்கணக்கானோர் முஸ்லிம்கள். அவர்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தால் என்ன நடக்கும்? இந்தப் பயத்தில் அவர்கள் உறங்காமல் கிடந்த நேரத்தில் ஜேர்மனி ஒரு கதையைப் பரப்பியது. “இங்கிலாந்தில் இறக்கும் முஸ்லிம் சிப்பாய்களை அவர்களுடைய மார்க்கப்படி அடக்குவதில்லை.”

ஒரு பீரங்கியால் செய்ய முடியாததை இந்த ஒரு வசனம் செய்யக் கூடும் என்று லண்டனுக்கு விளங்கியது.

இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேருடைய உடல்களைப் பிரைட்டனுக்கு வெளியே பட்சம் என்ற ஊர்ப் பக்கம், புல்மேட்டில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம் 1921ல் திறக்கப்பட்டது. இன்றும் இருக்கிறது. முஸ்லிம்களின் ஜனாஸாக்களை ஏறத்தாழ 50 மைல் தூரம் வோக்கிங்குக்குக் கொண்டு போனார்கள். தென் இங்கிலாந்தில் பள்ளிவாசலும் இமாமும் இருந்த இடம் அதுதான்.

அங்கேதான் மௌலவி சத்ருத்தீன் நிற்கிறார். அரசாங்கத்துக்கு அப்போது அவர் தேவை. ஜேர்மனியின் கதை பொய் என்று முஸ்லிம் உலகத்துக்குச் சொல்ல அவரைப் போல ஒருவர்தான் வேண்டும். அவரோ, சும்மா சொல்ல முடியாது, எல்லை போட்ட, மதில் கட்டிய, மரியாதையான ஒரு மையவாடியைத் தாருங்கள் என்று அழுத்திக் கேட்டார். திறந்த காட்டில் வெறும் குழிகளை வெட்டி அடக்குவதை ஏற்க முடியாது என்று அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். யுத்த காலம், செங்கல்லுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு, எதிரே உட்கார்ந்திருப்பது சாம்ராஜ்யத்தின் யுத்த அலுவலகம். இவரிடம் இருந்தது ஒரு சின்னப் பள்ளியின் இமாமத் மட்டும்.

கொடுத்தார்கள். ஹோர்செல் கொமனின் கிழக்குப் பக்கம், பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பைன் மரங்களுக்கு நடுவில். இந்தியா அலுவலகத்தின் கட்டடக் கலைஞர் ஹேர்பர்ட் வின்னி வரைபடம் போட்டார். சுற்றிவர செங்கல் மதில். வாசலில் குமிழ் வைத்த மண்டபம். ஷாஜஹான் பள்ளியின் சாயலிலேயே கட்டினார்கள். 1917ல் வேலை பூர்த்தியானது. யுத்தம் முடியும்போது உள்ளே 19 கப்றுகள்.

பத்தொன்பது! யுத்தத்தில் இறந்த லட்சங்களோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராத தொகை. பிரான்சிலும் மெசப்பொத்தேமியாவிலும் கப்றே இல்லாமல் போனவர்கள் எத்தனையோ ஆயிரம். ஆனால் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, கிப்லாவைப் பார்த்து வைத்த அந்தப் பத்தொன்பது பேரின் தாய்மார் பஞ்சாபிலும் எல்லைப்புறத்திலும் என்ன நினைத்திருப்பார்கள் என்று நமக்கு விளங்கும். விளங்காத நிலையில் நாம் இல்லை.

2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் நாம் பட்டது யாருக்கும் மறக்காது. கொவிட்டில் மௌத்தான எமது வாப்பாமாரையும் உம்மாமாரையும், இருபது நாள் குழந்தையையும் கூட எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். எமது ஊரிலும் கேற்றில் கட்டினோம். 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் திறந்தபோது, எங்கேயோ தூரத்தில், யாரும் கூடப் போக முடியாமல், அப்படியாவது மண் கிடைத்ததே என்று அழுதோம். எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வி எழும்பியது இதனால்தான். அந்தப் பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டோம்.

நூறு வருடத்துக்கு முன், பேரழிவு யுத்தத்தின் நடுவில், ஒரு சாம்ராஜ்யம் பயத்தினாலாவது 19 கப்றுகளுக்கு மதில் கட்டிக் கொடுத்தது. இந்த ஒப்பீடு நியாயமா என்று சிலர் கேட்கலாம். நியாயமோ இல்லையோ, அது மனதில் வராமல் இதை எழுத எங்களால் முடியவில்லை.

ஜேர்மனி என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை ஒரு பக்கமாகிப் போகும். பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ப் என்ற இடத்தில் முஸ்லிம் கைதிகளுக்கென்று ‘பிறை முகாம்’ ஒன்றை வைத்திருந்தார்கள். 1915 ஜூலையில் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசல் கட்டிக் கொடுத்தார்கள். ஜேர்மன் மண்ணில் முதல் பள்ளி அதுதான். நோக்கம் அதே. பிடித்த சிப்பாய்களை மனம் மாற்றித் துருக்கியின் பக்கம் அனுப்புவது. அங்கே குளிரிலும் நோயிலும் இறந்த இந்தியர்கள் 200க்கு மேல், பக்கத்தில் சேரன்ஸ்டோர்ப் மையவாடியில் கிடக்கிறார்கள். ஒரே கிராமத்துப் பையன்களில் ஒருவன் இங்கிலாந்துக் காட்டிலும் மற்றவன் ஜேர்மன் காட்டிலும் கிடக்கலாம். இரண்டு அரசுகளும் போட்டிக்குப் பள்ளியும் மையவாடியும் கட்டின. சத்ருத்தீனின் பிற்காலம் இன்னும் வேடிக்கை. 1920களில் அவரே ஜேர்மனிக்குப் போய், பெர்லினில் இன்றும் நிற்கிற வில்மர்ஸ்டோர்ப் பள்ளியைக் கட்டினார். வூன்ஸ்டோர்ப் மரப்பள்ளி அந்தக் காலத்திலேயே இடித்து அகற்றப்பட்டு விட்டது.

ஹோர்செல் மையவாடிக்கு இரண்டாம் உலக யுத்தத்திலும் ஜனாஸாக்கள் வந்தன. மொத்தம் 27 ஆனது. பிறகு யுத்தமும் முடிந்தது, சாம்ராஜ்யமும் முடிந்தது. பயம் போனதும் கவனமும் போய் விட்டது. காட்டுக்குள் தனியே கிடந்த இடம், யாரோ வந்து சேதப்படுத்தத் தொடங்கினார்கள். 1968ல் ஜனாஸாக்களைத் தோண்டியெடுத்து, சில மைல் தள்ளியிருக்கும் புரூக்வூட் இராணுவ மையவாடிக்கு மாற்றினார்கள். கப்றைத் தோண்டுவது நமது பிக்ஹில் லேசான காரியம் அல்ல, தக்க காரணம் வேண்டும். அந்தக் காரணம் இருந்ததா, காவலுக்கு இரண்டு பேரைப் போட்டிருக்க முடியாதா என்ற கேள்வி எமக்கு உண்டு. ஒன்றை மட்டும் ஒத்துக் கொள்ள வேண்டும். புரூக்வூடில் அந்தக் கப்றுகள் இன்று வரை ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. 5,000க்கு மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே கிடக்கிறார்கள். பிரித்தானியாவில் உள்ள பொதுநலவாய யுத்த மையவாடிகளில் ஆகப் பெரியது அது.

காட்டுக்குள் மிஞ்சியது வெறும் மதிலும் குமிழ் வாசலும். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படியே பாழடைந்தது. மதில் உடைந்தது, உள்ளே மரம் முளைத்தது. நாய் கூட்டிக் கொண்டு நடக்க வருகிற ஆட்களுக்கு அது ஏதோ பழைய கட்டடம்.

திரும்ப எழுப்பியது யார் என்று பார்த்தால், முன்னால் சொன்ன பாதுகாப்புச் சங்கம், வோக்கிங் நகரசபை, புராதனச் சின்னங்களைப் பார்க்கும் அரச நிறுவனம். பக்கிப் பறவைக்காகவும் ஹெதருக்காகவும் சேர்ந்த ஆட்கள் இதற்கும் தோள் கொடுத்தார்கள். மதிலைச் செங்கல் செங்கலாகச் சரிசெய்தார்கள். உள்ளே ஒரு தோட்டம் போட்டார்கள். 27 பேருக்கு 27 இமாலய பேர்ச் மரம். கல்லில் 27 பெயர்கள். 2015 நவம்பரில் இளவரசர் எட்வர்ட் வந்து திறந்து வைத்தார். பீஸ் கார்டன், அதாவது சமாதானத் தோட்டம் என்று பெயர். உள்ளே இப்போது கப்று இல்லை, பெயர்கள்தான்.

அந்தப் பக்கம் பார்க்க இன்னும் சில இருக்கின்றன. மையவாடிக்குக் கிட்டவே காட்டுக்குள் வட்ட வட்டமான மண்மேடுகள் தெரியும். வெண்கலக் கால மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை, 3,500 வருடத்துக்கு மேல் பழையவை. விவசாயத்துக்கு உதவாத மண்ணாக இருந்ததால்தான் யாரும் உழுது அழிக்கவில்லை. மணல் மண் என்று முன்னால் சொன்னோமே, அது இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

இன்னொரு பக்கம் ஒரு மணல் குழி. எச். ஜி. வெல்ஸ் 1895ல் வோக்கிங்கில் குடியிருந்தார். ‘உலகங்களின் யுத்தம்’ என்ற அவருடைய நாவலில் செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் முதலில் வந்து விழுவது இந்த மணல் குழியில்தான். அடுத்து அவர்களுடைய தாக்குதலில் ஷாஜஹான் பள்ளியும் சேதமாகிறது. 1898ல் புத்தகமாக வந்தது. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பள்ளிவாசலுக்கு வந்த விசித்திரமான முஸீபத் இது. வோக்கிங் நகர மத்தியில் அந்த செவ்வாய் இயந்திரத்துக்கு ஏழு மீற்றர் உயரத்தில் உலோகச் சிலை வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் நின்று படம் எடுப்பது அதற்குப் பக்கத்தில்தான்.

கடைசியாகப் புரூக்வூட். அங்கே முஸ்லிம்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. எமது வீடுகளில் ஆங்கிலத் தர்ஜுமா இருந்தால், அது பெரும்பாலும் அப்துல்லாஹ் யூசுப் அலியுடையது, இல்லாவிட்டால் மர்மடியூக் பிக்தாலுடையது. பிக்தால் பாதிரியாரின் மகன், நாவலாசிரியர், 1917ல் இஸ்லாத்தைப் பகிரங்கமாக ஏற்றவர். 1930ல் தர்ஜுமா, 1936ல் மௌத். யூசுப் அலி 1872ல் பிறந்தவர், இந்திய சிவில் சேவை அதிகாரி. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியாவுக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பேசியவர். அவருடைய தர்ஜுமா 1930களில் லாகூரில் வெளியானது. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் அச்சான கிதாபின் சொந்தக்காரர், 1953 டிசம்பரில் லண்டன் தெருவில் ஆதரவற்ற கிழவராகக் கண்டெடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் மௌத்தானார். இருவரும் புரூக்வூடில்தான் இருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீதும் 2016ல் அங்கேயே அடக்கப்பட்டார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது லண்டனில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். வோட்டர்லூவில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் வோக்கிங். பள்ளியில் லுஹர் தொழுது விட்டு, மொனியுமென்ட் ரோட்டால் நடந்தால் மையவாடி வந்து விடும். மதிலுக்கு வெளியே கொஞ்சம் நடந்து அந்த மண்மேடுகளையும் பாருங்கள். பிறகு இன்னொரு ரயிலில் அடுத்த ஸ்டேஷன் புரூக்வூட். இராணுவப் பகுதியில் அந்தச் சிப்பாய்களின் கப்றுகளைத் தேடிப் பிடித்து ஸலாம் சொல்லி, ஒரு துஆவும் ஓதி விட்டு வாருங்கள். அவர்களுடைய ஊரார் யாரும் அங்கே வந்து போகிற தூரத்தில் இல்லை.

போகிறவர்கள் கல்லில் இருக்கும் 27 பெயர்களையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால், அடுத்த தவணையில் வகுப்பில் ஒட்டி வைப்போம். கேள்வி கேட்ட பிள்ளை இரண்டு தரம் ஞாபகப்படுத்தி விட்டது.